வாயத் தொற

எங்கள் அத்தைக்கு முன்னால் எந்த ஆம்பிளையும் வாயை மூடிக்கொண்டு நிற்க முடியாது. கங்காணிக்குப் பயப்படாதவன், தேயிலைத் தோட்டத்துத் துரையின் ஜீப்பைக் கண்டாலும் அசையாதவன், அத்தையைக் கண்டால் நின்று வாயைக் காட்டிவிட்டுத்தான் வரிசை வீடுகள் இருக்கிற லயத்துக்கு ஏறுவான்.

சம்பள நாளன்று சாயங்காலம் கொழுந்தை எடை நிறுத்த கையோடு அவள் கீழே ரோடு வளைகிற முடக்குக்குப் போய்விடுவாள். கந்தப்பளையிலிருந்து வருகிற பஸ்ஸும் த்ரீவீலும் ஆட்களை இறக்கிவிடுகிற இடம் அது. மழைக்குப் போர்த்திய சாக்கைக்கூடக் கழற்றாமல் மதகுக் கட்டில் உட்கார்ந்திருப்பாள். ஆள் இறங்கியதும் எழுந்து பாதையை மறிப்பாள்.

"வாயத் தொற."

மூக்கை அவன் வாய்க்குக் கிட்டத்தில் கொண்டுபோய் ஒரே ஒரு தடவை மூச்சை இழுப்பாள். சாராய வாடை இல்லையென்றால் முகம் மலர்ந்துவிடும். இடுப்பிலிருந்து சுருக்குப் பையை எடுத்து, வெற்றிலையில் சுண்ணாம்பு தடவி, பாக்கும் ஒரு துண்டுப் புகையிலையும் வைத்து மடித்து, அவளே அவன் கடைவாயில் திணிப்பாள். "மகராசனா இரு. போ, பொண்டாட்டி காத்துக்கிட்டு இருக்கா."

வாடை இருந்தால் ஒரு வார்த்தை பேசமாட்டாள். திட்டமாட்டாள், புத்தி சொல்லமாட்டாள். அவனை முன்னால் நடக்கவிட்டு, பின்னாலேயே ஏறி வந்து, அவன் வீட்டு முன்திண்ணையான இஸ்தோப்பில் கால் நீட்டி உட்கார்ந்துவிடுவாள். உள்ளே அவன் தின்று, படுத்து, குறட்டை விடும் சத்தம் கேட்கும்வரை எழும்பமாட்டாள். அத்தை இஸ்தோப்பில் இருக்கிற வீட்டில் அடி விழாது. ஏன் விழாது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. பெரிய உருவமா என்றால் அதுவும் இல்லை. ஒரு தேயிலைச் செடிக்குப் பின்னால் குனிந்தால் ஆளே தெரியமாட்டாள்.

லயத்துப் பெண்களுக்கு இதில் ஒரு வசதி இருந்தது. மேலே வாசலில் நின்று பார்த்தால் முடக்கு தெரியும். புருசன் இறங்குகிறான், அத்தை வாயைப் பார்க்கிறாள், அங்கேயே திரும்ப உட்கார்ந்துகொள்கிறாள் என்றால் நிம்மதியாக ரொட்டி சுடலாம். அத்தை அவன் பின்னால் ஏறத் தொடங்கிவிட்டால், கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடவேண்டும். இரண்டு பேரும் படி ஏறி வருகிற நேரத்துக்குள் பிள்ளைகளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பி, கொதிக்கிற சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி, கத்தியை ஒளிக்கவேண்டும். எங்கள் வீட்டில் கத்தியை ஒளிப்பது என் வேலை. அப்பா கவ்வாத்து வெட்டுகிறவர். வயசான தேயிலைச் செடியின் கிளைகளை ஒரே வீச்சில் சாய்க்கிற கத்தி அது, எந்நேரமும் தீட்டியபடியே இருக்கும்.

அவள் எங்களுக்குச் சொந்தமில்லை. அப்பா அக்கா என்று கூப்பிட்டதால் எனக்கு அத்தை ஆனாள். லயத்தின் கடைசிக் காம்பராவில் தனியாக இருந்தாள். இடது காது அவளுக்குக் கேட்காது. யாராவது பேசினால் தலையைத் திருப்பி வலது காதைக் கொடுப்பாள். அது புருசன் குடித்துவிட்டு அறைந்த காது. அந்த மனுசன் நான் பிறக்கும் முன்பே கசிப்பு என்கிற கள்ளச் சாராயம் குடித்துச் செத்துப்போனான். அவனைப் பற்றி அவள் அதிகம் பேசியதில்லை. ஒரே ஒரு நாள், மலையில் தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில், தானாகவே என்னிடம் சொன்னாள்.

"அறை வாங்கினப்பகூட நான் அழுவல பாப்பா. அவரு அடிக்கத் தொடங்குனதும் பக்கத்து வீட்டுல எல்லாம் கதவச் சாத்துனாங்க பாரு, படார் படார்னு. இந்தக் காதுல நான் கடைசியா கேட்டது அந்தச் சத்தந்தான்."

அன்றைக்குத்தான் எனக்கு, அவள் ஏன் மற்றவர்கள் வீட்டு இஸ்தோப்பில் போய் உட்காருகிறாள் என்பது விளங்கியது.

சாராயத்தின் மேல் அவளுக்கு எவ்வளவு வெறுப்போ, புகையிலையின் மேல் அவ்வளவு நம்பிக்கை. விடிகாலைக் குளிருக்கு அதுதான், கொழுந்து பறிக்கும்போது பசிக்கு அதுதான். காலில் அட்டை ஏறினால் புகையிலைச் சாற்றைத் துப்புவாள், அட்டை சுருண்டு விழும். அட்டையே தாங்காத சாற்றை நாளெல்லாம் கன்னத்தில் அடக்கி வைத்திருக்கிறோமே என்று அவளுக்கும் தோன்றவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை.

"சாராயம் ஒருத்தன் வாய்க்குள்ள போவுது, அடி நாலு பேருக்கு விழுவுது," என்பாள். "பொயல போட்டுட்டு எவன் பொண்டாட்டிய அடிச்சான்? எவன் புள்ளையோட புத்தகத்த அடுப்புல போட்டான்? ஒருத்தனக் காட்டு, நான் இந்தப் பைய வீசிடுறேன்."

ஒரு நாள் பெரட்டுக் களத்தில், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற நேரத்தில், தோட்டத்து மிட்வைஃப் மிஸ் வந்து எல்லோரையும் நிற்கவைத்துப் பேசினார். வெற்றிலையும் புகையிலையும் போட்டால் வாயில் கேன்சர் வரும் என்றார். அத்தை வலது காதை அவர் பக்கம் திருப்பி முழுக்கக் கேட்டாள். கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"வரட்டும் மிஸ். வந்தா என் வாயிலதானே வரும்? பக்கத்து வீட்டுக்காரி வாயிலயா வரும்?"

பெரட்டே சிரித்தது. மிஸ்ஸும் சிரித்துவிட்டார். நானும் விழுந்து விழுந்து சிரித்தேன்.

புத்தகம் அடுப்பில் போன பிள்ளை நான்தான். குடிக்காத நாளில் எங்கள் அப்பா தங்கம். என் சப்பாத்தை அவரே துடைத்துக் கொடுப்பார். குடித்த நாளில் அவர் யார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நாங்கள் நிற்பதும் இல்லை. அத்தை வேறொரு வீட்டு இஸ்தோப்பில் இருந்தால், அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக இறங்கித் தேயிலைக்குள் போய்விடுவாள். பனியில் நனைந்த செடிகளுக்கு நடுவே ஒரு சாக்கைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு குந்தியிருப்போம். அத்தை வந்து இஸ்தோப்பில் உட்கார்ந்துவிட்டாள் என்று தெரிந்தபிறகுதான் திரும்பி வருவோம். நான் ஓ.எல். பரீட்சைக்குப் படித்த வருசம் என் விஞ்ஞானப் புத்தகத்தை அவர் அடுப்பில் போட்டார். வேறு எதற்கும் அழாத நான் அதற்கு அழுதேன்.

மறுநாள் காலையில் மலையிலிருந்து வருகிற பீலித் தண்ணீரில் அப்பா முகம் கழுவிக்கொண்டிருந்தார். யார் முகத்தையும் பார்க்க முடியாமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை குடத்தைக் கீழே வைத்துவிட்டு அவர் முன்னால் போய் நின்றாள்.

"தம்பி, வாயத் தொற."

"அக்கா, விடிஞ்சு இப்பதானே வாறேன். ஒண்ணும் குடிக்கல."

"தெரியும். தொற."

ஒரு வெற்றிலைச் சுருளை அவர் இடது கன்னத்தில் அடக்கினாள். "நாக்கு சாராயம் கேக்கும்போதெல்லாம் இதக் கடி. வாயில ஒண்ணு இருந்தா இன்னொண்ணு நுழையாது." பிறகு அவரைக் கையைப் பிடித்து முனியாண்டி மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். எங்கள் லயத்தில் சூடம் அடித்துச் சத்தியம் பண்ணின ஆம்பிளைகள் ஏராளம், அத்தனை பேரும் அடுத்த சம்பளத்துக்கு மறுபடியும் குடித்தவர்கள். அத்தை சூடத்தை நம்பவில்லை. சுருள் வாயில் இருக்கும்போதே சத்தியம் பண்ணச் சொன்னாள். அப்படிச் சத்தியம் பண்ணினவர்களுக்கு அதற்குப் பிறகு அவள்தான் சுருள் மடித்துக் கொடுப்பாள். வேலைக்குப் போகும்போது ஒன்று, திரும்பி வரும்போது ஒன்று. மறுத்தால் சத்தியத்தை மீறினதாகக் கணக்கு.

அப்பா விட்டார். யாரும் நம்பவில்லை, ஆனால் விட்டார். அம்மா ஒரு வருசம் பொறுத்துப் பார்த்துவிட்டு நுவரெலியாவுக்குப் போய் ஆறு கண்ணாடிக் கிளாஸ் வாங்கிவந்தாள். அதுவரைக்கும் எங்கள் வீட்டில் எல்லாம் எவர்சில்வர்தான், அதுவும் நெளிந்தது. எறிந்தால் உடைகிற ஒரு பொருளை அம்மா முதல்தடவையாக வீட்டுக்குள் கொண்டுவந்தாள். அலுமாரியில் வரிசையாக வைத்துவிட்டு, தள்ளி நின்று பார்த்து, என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். நான் ஏ.எல். பரீட்சையும் முடித்து நுவரெலியாவில் புடவைக் கடையில் வேலைக்குச் சேரும்வரைக்கும் அதில் ஒன்றுகூட உடையவில்லை.

அப்பாவைப் பார்த்து இன்னும் பல பேர் முனியாண்டி மரத்தடிக்கு வந்தார்கள். புருசன் விட்ட சந்தோசத்தில் பெண்டாட்டிகளும் சேர்ந்து சுருள் போடத் தொடங்கினார்கள். எங்கள் லயத்தில் சிரிக்கிற வாயெல்லாம் சிவப்பாகவே இருந்தது. நான் அத்தையைக் கும்பிடாத குறை. அவளுக்கு வெற்றிலை தீர்ந்துபோனால் கந்தப்பளைக்கு ஓடிப்போய் வாங்கிவருவதற்கு நான் நீ என்று போட்டி போடுவோம்.

இப்படிப் பத்து வருசத்துக்கு மேல் போனது. அப்பா தேத்தண்ணியை ஆறவைத்துக் குடிக்க ஆரம்பித்ததை நான்தான் முதலில் கவனித்தேன். கொதிக்கக் கொதிக்கக் குடிக்கிற மனுசன். பிறகு மிளகாய்ச் சம்பலை ஒதுக்கினார். பிறகு ரொட்டியைத் தண்ணீரில் நனைத்துத் தின்றார். ஒரு நாள் அதட்டி வாயைத் திறக்க வைத்துப் பார்த்தேன். இடது கன்னத்தின் உட்பக்கம் வெள்ளையாகப் படை பிடித்து, நடுவில் ஒரு சிவந்த புண் இருந்தது. சுருள் உட்காருகிற அதே இடம்.

ஆஸ்பத்திரியில் பல் டாக்டர் ஒரு சிங்களப் பெண். என்னைவிடச் சின்ன வயசாகத்தான் இருக்கும். பார்த்த உடனேயே அவர் முகம் மாறிவிட்டது. "புலத் கன்ன எபா அங்கிள்," என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, தெரிந்த தமிழில் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். வெற்றிலை, பாக்கு, பொயல எல்லாம் இன்றைக்கே நிப்பாட்ட வேண்டும். கொஞ்சம் சதை எடுத்துச் சோதிக்க வேண்டும். இப்போது விட்டால் காப்பாற்றப் பார்க்கலாம், விடாவிட்டால் தாடையையே எடுக்கவேண்டி வரும், அதற்குப் பிறகும் ஒன்றும் சொல்ல முடியாது.

அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். நான் சொன்னதைக் கேட்டு முடித்தும் களைந்துகொண்டே இருந்தாள்.

"விடச் சொல்லாத பாப்பா," என்றாள் கடைசியில்.

"அம்மா, கேன்சர்னு சொல்றாங்கம்மா."

"டாக்டரம்மாவுக்கு நம்ம வீட்டப் பத்தி என்னா தெரியும்? பொயலய விட்டா சாராயம் வந்துரும். எனக்கு இன்னொருக்கா தேயிலைக்குள்ள போயி ஒளியுறதுக்கு உடம்புல தெம்பு இல்ல."

மறுநாள் காலையில் அப்பாவின் ரொட்டிப் பொட்டலத்தோடு அம்மா ஒரு துண்டுப் புகையிலையையும் சேர்த்துக் கட்டுவதைப் பார்த்தேன். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஒரு மனுசி புருசன் வாய் அழுகினாலும் பரவாயில்லை என்று நினைப்பாளா? கத்துவதற்காக வாயைத் திறந்தேன். அலுமாரியில் ஆறு கிளாஸும் வரிசையாக இருந்தன. அவற்றைப் பார்த்ததும் எனக்குக் கத்த வரவில்லை. எனக்கும் அதே பயம்தான் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அத்தையின் காம்பராவுக்குப் போனேன். பாக்கு வெட்டிக்கொண்டிருந்தாள். வலது பக்கமாகப் போய்க் குந்தினேன்.

"அத்தை, அப்பாவுக்கு வாயில புண்ணு. நீங்க சுருள் வச்ச பக்கம்."

பாக்குவெட்டி நின்றது. "எந்தப் பக்கம்னு சொன்ன?"

"இடது கன்னம்."

அவள் நாக்கு அவளுடைய இடது கன்னத்துக்குள் நகர்ந்து எதையோ தடவிப் பார்ப்பது வெளியில் தெரிந்தது. "அவனுக்கு ஒறப்பு படுதா?"

"இல்ல. சம்பல் தொடுறதே இல்ல."

"எனக்கும் ரொம்ப நாளாப் படாது," என்றாள். மழை வரும்போல என்று சொல்கிற மாதிரிச் சாதாரணமாகச் சொன்னாள். அடுப்பில் இருந்த சட்டியைப் பார்த்தேன். மிளகாயே சேராத வெள்ளைக் கறி.

"நீங்கதானே சொன்னீங்க, இது யாரையும் அடிக்காதுன்னு," என்றேன்.

"அடிக்கலதானே பாப்பா." பாக்குவெட்டியைக் கீழே வைத்தாள். "உள்ளுக்குள்ள இருந்துகிட்டுத் தின்னுருக்கு." பிறகு கையிலிருந்த பாக்கைப் பார்த்துக்கொண்டே, "எத்தன பேரு வாயில நான் வச்சிருக்கேன்," என்றாள்.

அன்று சாயங்காலமே எங்கள் வீட்டுக்கு வந்தாள். அப்பா இஸ்தோப்பில் உட்கார்ந்து மென்றுகொண்டிருந்தார்.

"வாயத் தொற தம்பி. பாப்பா, போன் லைட்டப் போடு."

வெளிச்சத்தில் பார்த்தாள். பிறகு இரண்டு விரலை உள்ளே விட்டு, அவர் கன்னத்தில் இருந்த சுருளைத் தோண்டி எடுத்து, வாசல் ஓரத்துச் சாக்கடைக் கானுக்குள் எறிந்தாள். இடுப்பிலிருந்த சுருக்குப் பையை அவிழ்த்து அதையும் கானிலேயே கொட்டினாள். "நீயும் விடு. நானும் விட்டுட்டேன்."

அம்மா உள்ளேயிருந்து பாய்ந்து வந்தாள். அவள் அத்தையிடம் குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை.

"மதினி, நீங்களே குடுத்தீங்க, இப்ப நீங்களே புடுங்குறீங்க. நாளைக்கு இந்த மனுசன் சாராயத் தவறணைக்குப் போனா எங்க முதுகுக்கு யாரு பொறுப்பு?"

"நான் இருக்கேன் புள்ள. வந்து உக்காருறேன்."

"எத்தன காலத்துக்கு உக்காருவீங்க?"

அப்பா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "என் வாயப் பத்தி என்னைய ஒருத்தரும் கேக்க மாட்டீங்களா?" என்று சொல்லி எழுந்து உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அப்பா புகையிலையைத் தொடவில்லை, ஆனால் அவர் வாய் சும்மா இருக்கவில்லை. அப்பா கராம்பைக் கடித்தார், கறிவேப்பிலையை மென்றார், தேயிலைக் குச்சியைக்கூடக் கடித்துத் துப்பினார். கறியில் உப்பு இல்லை என்று கத்தினார், உப்புப் போட்டால் கூடிவிட்டது என்று கத்தினார். ஒரு சொட்டுச் சாராயம் இல்லாமலே பழைய பயம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. நான் எத்தனையோ வருசத்துக்குப் பிறகு மறுபடியும் கத்தியை ஒளிக்க ஆரம்பித்தேன்.

சம்பள நாள் வந்தது. நான் கடையில் அரைநாள் லீவு கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அப்பா பின்னேரம் கந்தப்பளைக்குப் போயிருந்தார். நாங்கள் எப்போதும் வெற்றிலை வாங்குகிற கடைக்கார முஸ்லிம் நானா எனக்குப் போன் பண்ணினார்.

"புள்ள, ஒங்கட அப்பா வந்து பொயில கேட்டார். டாக்டர் வேணாண்டு சொன்னது எனக்குத் தெரியும்தானே, நான் குடுக்கல்ல. கோவிச்சிட்டு தவறணப் பக்கமாப் போறார். வீட்டில சொல்லி வைங்க."

அம்மாவிடம் சொன்னேன். அம்மா அலுமாரியிலிருந்து கிளாஸ்களை ஒவ்வொன்றாக இறக்கினாள். பழைய சேலையைக் கிழித்து ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சுற்றி டிரங்குப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள். நான் கத்தியைக் கோழிக்கூட்டுக்குப் பின்னால் செருகிவிட்டு வாசலுக்கு வந்தேன்.

பனி இறங்கிக்கொண்டிருந்தது. முடக்கில் அத்தை உட்கார்ந்திருப்பது மங்கலாகத் தெரிந்தது. ஒரு பஸ் வந்தது, அப்பா இல்லை. ஒரு த்ரீவீல் வந்தது, அதிலும் இல்லை. அடுத்த பஸ்ஸில் இறங்கினார். அத்தை எழுந்து மறித்தாள். அவர் வாயைத் திறப்பதும் அவள் முகத்தைக் கிட்டே கொண்டுபோவதும் தெரிந்தது. அதற்குள் பனி வந்து மறைத்துவிட்டது. அம்மா என் தோளைப் பிடித்திருந்தாள். நகம் சதைக்குள் இறங்கியது, எனக்கு வலிக்கவும் இல்லை. பனி விலகியபோது அப்பா படியேறி வந்துகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் அத்தை ஏறிக்கொண்டிருந்தாள்.

"போச்சு," என்றாள் அம்மா.

ஓடியிருக்கலாம். பின்பக்கம் கதவு திறந்துதான் இருந்தது. அம்மா என்னைக் கதவுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டாள். அப்பா வந்தார், இஸ்தோப்பில் உட்கார்ந்தார், குனிந்து சப்பாத்தைக் கழற்றினார். அத்தை மூச்சு வாங்க வந்து தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எவ்வளவு குடிச்சிருக்காரு மதினி?" என்று அம்மா கதவுக்குப் பின்னாலிருந்தே கேட்டாள்.

"குடிக்கல."

"பின்ன எதுக்குப் பின்னால வந்தீங்க?"

அத்தை இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். "கையில குடுத்தனுப்ப ஒண்ணும் இல்ல புள்ள. வாய் சுத்தமா வந்தவன எப்புடி வெறும் வாயோட அனுப்புறது? அதான் கூடவே வந்துட்டேன்."

அம்மா சுவரில் சாய்ந்துகொண்டாள். நான் அப்பாவிடம், "தவறணைக்குப் போனீங்கதானே?" என்று கேட்டேன்.

"வாசல் வரைக்கும் போனேன்."

"உள்ளுக்கு ஏன் போகல?"

"முடக்குல அக்கா நிக்குமேன்னு நெனச்சேன்." சப்பாத்துக் கயிற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

அம்மா தேத்தண்ணி போடுவதற்காகப் பெட்டியைத் திறந்து கிளாஸ்களைச் சுற்றிய துணியை அவிழ்த்தாள். ஒன்று நழுவிச் சிமெந்துத் தரையில் விழுந்து சிதறியது. அந்தச் சத்தத்தில் நானும் அம்மாவும் ஒரே நேரத்தில் சுவரோடு ஒட்டிக்கொண்டு தலைக்குமேல் கையை வைத்துக்கொண்டோம். யாரும் எங்களை அடிக்க வரவில்லை. அப்பா வாசலில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்களை அப்படி ஒரு நாளும் அவர் பார்த்திருக்க முடியாது, ஏனென்றால் நாங்கள் அப்படி நின்ற நாட்களில் அவர் நிதானத்தில் இருந்ததே இல்லை. பிறகு அவர் வந்து குனிந்து கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கினார். பொறுக்கி முடிக்கும்வரை நிமிரவில்லை.

அப்பாவின் கன்னத்தில் புண் இருந்த சதையை ஆபரேசன் பண்ணி வெட்டி எடுத்தார்கள். இப்போது முகம் ஒரு பக்கம் உள்வாங்கி இருக்கிறது, பேச்சு கொஞ்சம் குழறும். ஆனால் இருக்கிறார்.

அத்தை அதற்குப் பிறகு யாரிடமிருந்தோ ஒரு பழைய போனை வாங்கிக்கொண்டு வீடு வீடாகப் போனாள். மரத்தடியில் சத்தியம் பண்ணின ஒவ்வொருத்தனையும் அதே வார்த்தை சொல்லி நிறுத்தினாள். மூக்குக்குப் பதிலாக லைட்டைக் கொண்டுபோனாள், அவ்வளவுதான். வெள்ளை தெரிந்தால் கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். சிலர் தப்பினார்கள். சிலர் புகையிலையை விட்ட கையோடு பழையபடி தவறணைக்குப் போனார்கள். அடி வாங்கிய ஒருத்தி பீலிக்கரையில் வைத்து அத்தை மேல் மண்ணை வாரித் தூற்றினாள். அத்தை வலது காதைத் திருப்பி முழுக்கக் கேட்டுவிட்டு, அன்று சாயங்காலம் அவள் வீட்டு இஸ்தோப்பில்தான் போய் உட்கார்ந்தாள்.

எல்லோர் வாயையும் பார்த்தவள் தன் வாயை யாருக்கும் காட்டவில்லை. நான் சண்டை போட்டு ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனபோது அவளால் ஒரு விரல் அளவுக்குமேல் வாயைத் திறக்க முடியவில்லை. டாக்டரால் உள்ளே பார்க்கவே முடியவில்லை. கொழும்புக்கு அனுப்பினார்கள். அங்கே கொஞ்சநாள் வைத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொன்னார்கள்.

குடி பெரிய கேடா, புகையிலை பெரிய கேடா என்று கூட்டம் போட்டுக் கேட்கிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வருகிறது. என் அப்பாவைக் குடியிலிருந்து காப்பாற்றியது எதுவோ அதுவே அவர் கன்னத்தைத் தின்றது. இதை எந்தத் தட்டில் வைத்து நிறுப்பது? அத்தை அன்றைக்குப் பெரட்டில் சொன்னது சரிதான், அது அவள் வாயில்தான் வந்தது. ஆனால் அவள் படுத்துக்கொண்ட முதல் சம்பள நாளில் முடக்கில் ஆள் இல்லை. அன்றைக்கு எங்கள் வரிசையில் ஒரு வீட்டில் அடி விழுந்தது. பக்கத்துக் கதவுகள் சாத்துகிற சத்தம் எனக்குக் கேட்டது. நான் எழுந்து போய் அந்த வீட்டு இஸ்தோப்பில் உட்கார்ந்தேன். எனக்கு அத்தையின் துணிச்சல் இல்லை. கொஞ்சநேரத்தில் அப்பாவும் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அத்தைக்கு மூன்று வேளையும் கஞ்சி காய்ச்சியது அம்மா. ஊட்டியது அப்பா. ஒரு மத்தியானம் நானும் கூட இருந்தேன். அப்பா கண்ணாடிக் கிளாஸில் கஞ்சியை ஆற்றி, சின்னக் கரண்டியில் எடுத்து, கட்டிலில் குனிந்தார்.

"அக்கா, வாயத் தொறங்க."

அவள் திறக்கவில்லை. வலிக்கிறதாக்கும் என்று நினைத்தோம். அப்பா மறுபடியும் சொன்னார். அவள் இரண்டு விரலை அசைத்து, இன்னும் கிட்டே வா என்று காட்டினாள். அப்பா கரண்டியோடு குனிந்து, தன் கோணல் வாயை அவள் முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். அவள் ஒரே ஒரு தடவை மூச்சை இழுத்தாள்.

பிறகுதான், திறக்க முடிந்த அளவுக்கு வாயைத் திறந்தாள்.